ஜென்ம பாவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? மறைக்கல்வி எடுக்கும் புதியவர்களுக்கு

மறைக்கல்வி வகுப்பு எடுக்கச் சம்மதித்த புதியவர்கள் மூவொரு கடவுள் பாடத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதிலாவது 'இது மறைபொருள்' என்று சொல்லி ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். படைப்பும் ஜென்ம பாவமும் (ஆதாம் ஏவாளின் பாவத்தால் எல்லோருக்கும் வந்து சேர்ந்த காயப்பட்ட நிலை) வரும் பாடத்தில் அந்த வழி கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் டார்வினோடு வருவான், புதுநன்மைக்குத் தயாராகிற பெண் போன மாதம் பிறந்த தம்பிப் பாப்பா என்ன பாவம் செய்தான் என்று கேட்பாள், பின்வரிசையில் ஒருத்தி ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருப்பாள், அவள் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருக்கும். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் ஏதாவது ஒரு பங்கில், ஞாயிறு பூசை முடிந்து கோயில் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தோலிக்க வகுப்பை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும், வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று: இதை ஒரே ஞாயிறில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று ஞாயிறாவது வேண்டும். அதில் முதல் ஞாயிறு முழுக்கப் படைப்பு மட்டும், பாவம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பைபிளே பாம்பு வருவதற்கு முன் இரண்டு அதிகாரம் எடுத்துக்கொள்கிறது, நாம் ஏன் அவசரப்படணும்? ஆனால் நடப்பது என்னவென்றால், முதல் ஐந்து நிமிடத்தில் ஆறு நாள் கதையை ஓட்டிவிட்டு நேராகப் பாம்பு, பழம், தண்டனை, நரகம் என்று போய்விடுகிறோம். பிள்ளை மனதில் பதிவது 'நான் பிறக்கும்போதே கெட்டவன்' என்பதுதான். திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லை. நல்லதாகப் படைக்கப்பட்ட ஒன்று காயப்பட்டது என்பதுதான் போதனை, அந்த வரிசையை மாற்றிவிட்டால் போதனையே மாறிவிடும்.

எப்போது வைப்பது? தவக்காலத்தை ஒட்டி வைத்தால் வசதி. மத்தேயு நற்செய்தி வாசிக்கும் ஆண்டில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு வாசகங்களைப் பாருங்கள்: தொடக்க நூலின் 2, 3ஆம் அதிகாரங்களிலிருந்து ஒரு பகுதி, பதிலுரைப் பாடலாகத் திருப்பாடல் 51, பிறகு உரோமையர் 5, நற்செய்தியில் இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்படுவது. பாடத்திட்டம் தயாராகவே இருக்கிறது. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறில் படைப்பைத் தொடங்கினால் இரண்டாவது வகுப்பு சரியாக அந்த வாசகத்தோடு வந்து சேரும்.

நீங்கள் தயாராக அரை மணி நேரம் போதும். தொடக்க நூல் முதல் மூன்று அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள், தெரிந்த கதைதானே என்று விட்டுவிடாதீர்கள், நமக்குத் தெரிந்ததில் பாதி படத்தில் பார்த்தது. அப்புறம் உரோமையர் 5:12-21. அப்புறம் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 396 முதல் 409 வரையுள்ள எண்கள். நேரமே இல்லையென்றால் 404, 405 இரண்டை மட்டுமாவது பாருங்கள்.

முதல் ஞாயிறு: படைப்பு

முதல் அதிகாரத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். 'நல்லது' என்று கடவுள் கண்ட இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டட்டும். ஏழு தட்டு வரும். ஏழாவது 'மிகவும் நன்றாக' என்று வருவதால் அதற்குப் பலமாகத் தட்டச் சொல்லுங்கள், பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. கவனமான பிள்ளை ஒன்று இரண்டாம் நாளில் தட்டே வரவில்லை என்று கண்டுபிடிக்கும், மூன்றாம் நாளில் இரண்டு முறை வருகிறது என்றும் சொல்லும். பாராட்டிவிட்டு மேலே போங்கள். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் 'ஏழு முறை நல்லதுன்னு வருதும்மா' என்று சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இரண்டாம் அதிகாரம். அங்கே வரிசை வேறு மாதிரி இருக்கும். முதல் அதிகாரத்தில் செடிகொடி, விலங்கு எல்லாம் வந்த பிறகு மனிதர்கள். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள். பெரிய பிள்ளைகள் 'எது சரி?' என்பார்கள். மழுப்ப வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? நாள்வாரிப் பதிவேடு எழுதுவது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் திருத்தியிருப்பார்கள். முதலாவது உலகம் யாருடையது என்று சொல்கிறது. இரண்டாவது மனிதன் எதனால் ஆனவன் என்று சொல்கிறது: நிலத்து மண், கடவுளின் மூச்சு.

டார்வின் கேள்வி கட்டாயம் வரும். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் சொன்னதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளை இரண்டில் ஒன்றை விடவேண்டிய நிலைக்குத் தள்ளப்படும், பத்து வருஷம் கழித்து எதை விட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆறு நாட்களையும் நம்முடைய சாதாரண நாட்களாக எடுக்க வேண்டியதில்லை என்று டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருஷம் முன்பே புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். மனித உடல் முன்பே இருந்த உயிரினத்திலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விடக்கூடாது என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் சொன்னார். 1996இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். இதைச் சொன்னதும் பையன்கள் முகத்தைப் பாருங்கள்.

இந்த வகுப்பின் முக்கியமான பகுதி 1:27, கடவுளின் சாயல். எத்தனையோ மறைக்கல்வி சார்ட்டுகளில் ஆதாமும் ஏவாளும் வெள்ளை வெளேரென்று, செம்பட்டை முடியோடு இருப்பார்கள். அதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள், அவரவர் கையின் நிறத்தில். மண்ணால் ஆனவர்கள் என்று இப்போதுதானே வாசித்தோம்! செம்மண், கரிசல், கடல் மணல், எந்த நிறம் போட்டாலும் சரி.

உறுதிப்பூசுதல் வகுப்புப் பிள்ளைகள் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பதிவில், புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் (இன்றைய அமலோற்பவ அன்னை பேராலயத்துக்கு முன் இருந்த கோயில்) சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரித்துக் கட்டியிருந்த சுவரைப் பற்றியும், ஒடுக்கப்பட்டவர்கள் போய்க் கேட்டபிறகு அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் வருகிறது. இன்றிருக்கும் பேராலயக் கட்டடம் அதற்குப் பிந்தையது, ஆனால் ஊரும் தெருவும் இதுதான். எல்லோரும் ஒரே சாயல் என்று பீடத்தில் வாசித்துக்கொண்டே கீழே சுவர் கட்ட முடிந்திருக்கிறது. பாவம் என்பது தனி ஆள் தப்பு மட்டுமா, ஒரு ஊரே சேர்ந்து செய்து, பிறகு வழக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வதும் பாவமா? பதில் சொல்லாமல் விட்டுவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் தேவைப்படும். நம் கல்லறைத் தோட்டங்களில் இந்தப் பிரிவினை இல்லையா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

இரண்டாம் ஞாயிறு: பாம்பும் கேள்வியும்

எல்லோரிடமும் பென்சிலும் பைபிளும் இருக்க வேண்டும். 2:16-17இல் கடவுள் சொன்னதை முதலில் வாசிக்கவையுங்கள்: தோட்டத்து மரங்கள் எல்லாவற்றிலிருந்தும் சாப்பிடலாம், ஒன்றைத் தவிர. உடனே 3:1இல் பாம்பு எப்படிக் கேட்கிறது? எந்த மரத்திலிருந்தும் சாப்பிடக் கூடாது என்று கடவுள் சொன்னாராமே, என்கிறது. பிள்ளைகளே கத்துவார்கள், 'பொய் சொல்லுது மிஸ்!' என்று. அதன்பின் 3:3ஐப் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பதில் சொல்லும்போது 'தொடவும் கூடாது' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறாள், அது 2:17இல் கிடையாது. அடிக்கோடு போடச் சொல்லுங்கள். தாராளமாகக் கொடுத்தவர் கஞ்சர் மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டார். கிறிஸ்தவப் போதனைப்படி முதல் பாவம் உள்ளுக்குள் நடந்தது இங்கேதான், கடவுள் என் நன்மையை விரும்புகிறாரா என்ற சந்தேகத்தில். கை பழத்தை நோக்கி நீண்டது அதற்கப்புறம்.

இங்கே சில திருத்தங்கள் சொல்லணும். ஆப்பிள் என்று பைபிளில் இல்லை, கனி என்றுதான் இருக்கிறது. ஆதாம் வேறெங்கோ வேலையாக இருந்தான், ஏவாள் தனியாக ஏமாந்தாள் என்பது நம் கற்பனை. 3:6இல் அவன் அவளோடுதான் நிற்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை. பாம்பைச் சாத்தான் என்று தொடக்க நூல் சொல்வதில்லை, திருவெளிப்பாடு 12:9தான் அந்தத் தொடர்பைச் சொல்கிறது. 'விலக்கப்பட்ட கனி' என்றால் உடலுறவு என்று வளர்ந்த பிள்ளைகள் சிரித்துக்கொள்வார்கள். பலுகிப் பெருகுங்கள் என்ற ஆசி முதல் அதிகாரத்திலேயே, பாவத்துக்கு முன்பே வந்துவிட்டது என்று காட்டுங்கள், சிரிப்பு நிற்கும்.

பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சபிக்கப்பட்டது எது என்று தேடச் சொல்லுங்கள். பாம்பு, நிலம். ஆணையும் பெண்ணையும் பார்த்து 'சபிக்கப்பட்டவர்' என்ற சொல் அங்கே இல்லை. அவர்களுக்கு வருவது வலியும் வியர்வையும். கணவன் உன்னை ஆள்வான் என்ற 3:16ஐக் கல்யாணப் பிரசங்கம் மாதிரி வாசிக்கிற ஆட்கள் உண்டு. அது உடைந்துபோன நிலையின் விவரணை, பாவத்தின் விளைவுகளில் ஒன்றாகத்தான் மறைக்கல்வி நூலும் அதைப் பட்டியலிடுகிறது. மாதவிலக்கை ஏவாளின் தண்டனை என்று வீட்டில் பாட்டி சொல்லியிருந்தால், அப்படி ஒரு வரி கிடையாது என்று பிள்ளைகள் தாங்களே பக்கத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது நாடகம். மூன்று பேரை முன்னால் நிறுத்துங்கள், நீங்கள் கேள்வி கேளுங்கள். 'எங்கே இருக்கிறாய்?' ஒளிந்துகொண்டிருந்த ஆதாம் வந்து, நீர் தந்த பெண்தான் கொடுத்தாள் என்பான், கவனியுங்கள், பழியில் பாதியைக் கடவுள் மேலேயே போடுகிறான். பெண் பாம்பைக் காட்டுவாள். பாம்பாக நிற்கிற பையன் சுற்றிமுற்றிப் பார்ப்பான், காட்ட யாருமில்லை, வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேளுங்கள்: இந்த வாரம் வீட்டில் யார் இப்படிச் சொன்னீர்கள்? யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தன் பாவத்தை எல்லோர் முன்னாலும் சொல்லவைப்பது, நோட்டில் எழுதி வாங்குவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடக்க வேண்டிய பேச்சு.

மூன்றாம் ஞாயிறு: அப்போ நாம் என்ன செய்தோம்?

'ஆதாம் தப்பு பண்ணினதுக்கு பாப்பா ஏன் மாட்டணும்?' நியாயமான கேள்வி. மறைக்கல்வி நூலில் எண் 404 நேராகப் பதில் சொல்கிறது: ஜென்ம பாவம் நாம் செய்த பாவம் கிடையாது, நமக்கு வந்து சேர்ந்த ஒரு நிலை. பாவம் என்று அதைச் சொல்வதே ஒப்புமையில்தான்.

நம் கடலோரப் பிள்ளைகளுக்கு இதைக் கிணற்றை வைத்துச் சொல்லுங்கள். ஒரு தலைமுறை போர் போட்டு இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே ஏறி, நல்ல தண்ணீர்க் கிணறு உப்பாகிவிட்டது. அந்த வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தை மோட்டார் போடவில்லை. யாரும் அதன்மேல் கேஸ் போடமாட்டார்கள். ஆனாலும் அது குடிக்கப்போவது உப்புத் தண்ணீர்தான். இன்னொரு விஷயம், உப்பானாலும் அது தண்ணீர்தான், சாக்கடை ஆகிவிடவில்லை. மனித இயல்பு முழுவதும் கெட்டுவிடவில்லை, காயப்பட்டிருக்கிறது என்று 405 சொல்வது இதைத்தான்: அறியாமை, துன்பம், சாவு, பாவத்தை நோக்கிய ஒரு சாய்வு. இந்த உவமையை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஞானஸ்நானத்தை ஆர்.ஓ. மெஷின் ஆக்கிவிடாதீர்கள். ஞானஸ்நானம் ஜென்ம பாவத்தைப் போக்கி அருள்வாழ்வைத் தருகிறது, ஆனால் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில். அந்தச் சாய்வே பாவம் கிடையாது என்று 1546இல் திரிதெந்தீன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) அழுத்திச் சொன்னது. கெட்ட எண்ணம் மனதில் வந்துவிட்டது என்று இரவில் தூங்காத பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

சரித்திரம் ரொம்ப வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்: ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், ஆதாம் கெட்ட முன்மாதிரி மட்டுமே, மனிதன் முயன்றால் தானாகவே நல்லவனாக இருக்கமுடியும் என்றார். அருள் இல்லாமல் முடியாது என்று அகுஸ்தினார் எதிர்த்தார், 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. கால்வின் வழிவந்த சபைகள் மனித இயல்பின் எல்லாப் பகுதியும் கெட்டுப்போனது என்று இன்னும் கடுமையாகச் சொல்லும், கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆதாமின் குற்றம் நமக்கு வரவில்லை, சாவுதான் வந்தது என்று சொல்லும். பெந்தெகொஸ்தே நண்பர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. இதைச் சொல்லும்போது கேலித் தொனி வேண்டாம், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அத்தையோ மாமாவோ அங்கே இருப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தோழி சொன்னாள் என்று ஒரு பிள்ளை 'இது போன ஜென்மத்துப் பாவமா?' என்று கேட்கலாம். கிறிஸ்தவ நம்பிக்கையில் போன பிறவி கிடையாது, ஒவ்வொருவருக்கும் ஒரே வாழ்க்கைதான். தோழியின் நம்பிக்கையைக் குறை சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் போதும். கூடவே யோவான் 9ஐ எடுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்து, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு.

இதைக் கட்டாயம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்திலும் கடலூரின் மற்ற மீனவக் குப்பங்களிலும் அன்று போனவர்களின் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், முந்திரியும் பலாவும் வேரோடு போன வருஷம். ஒவ்வொரு முறையும் இது ஜனங்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று மைக் பிடித்துச் சொல்ல ஒருவர் கிடைப்பார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை இயேசுவே எடுக்கிறார்: எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட இவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, என்கிறார். உலகம் பொதுவாகக் காயப்பட்டிருக்கிறது என்று சொல்வது வேறு, இன்னார் வீட்டுச் சாவுக்கு இன்ன பாவம் காரணம் என்று கணக்குப் போடுவது வேறு. முதலாவதுக்கு உங்களுக்கு அதிகாரம் உண்டு, இரண்டாவதுக்கு யாருக்கும் கிடையாது.

ஞானஸ்நானம் வாங்காமல் இறந்த குழந்தை எங்கே போகும் என்றும் கேட்பார்கள், கேட்பது சில சமயம் பிள்ளை இல்லை, வாசலில் காத்திருக்கும் அம்மா. திருச்சபை அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, மறைக்கல்வி நூல் எண் 1261. 2007இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழுவும் அவர்களுடைய மீட்புக்கு நம்பிக்கை வைக்கக் காரணங்கள் உண்டு என்று எழுதியது. பழைய ஞான உபதேசத்தில் கேட்ட இருட்டான பதில்களைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

புதுவையில் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி, நம் பேராலயமே அமலோற்பவ அன்னையின் பெயரில் இருக்கிறது. ஆனால் அமலோற்பவம் என்றால் என்ன என்று கேளுங்கள், பத்தில் எட்டுப் பேர் இயேசு கன்னியிடம் பிறந்ததைச் சொல்வார்கள், பெரியவர்களும்தான். அது மரியா தன் தாய் வயிற்றில் கருவான கணத்திலிருந்தே ஜென்ம பாவம் தீண்டாமல் காக்கப்பட்டதைப் பற்றியது. 1854 டிசம்பர் 8இல் 9ஆம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். நான்கு வருஷம் கழித்து, 1858இல் லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமி, காட்சியில் வந்த பெண் 'நாமே அமலோற்பவம்' என்று சொன்னதாகச் சொன்னாள். வில்லியனூர் மாதா கோயில் அந்த லூர்து மாதாவுக்குத்தான். வருஷா வருஷம் திருவிழாவுக்குப் போய்க் குளத்தைச் சுற்றி வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சேர்த்துக் காட்டினால் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். மனித இயல்பு காயப்படாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் ஒரு முகம் இருக்கிறது என்று சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. பிள்ளை யாராவது விருந்தாளியாக வந்திருந்தால், இந்தக் கோட்பாட்டை அவர்கள் சபை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சாவான பாவம், அற்ப பாவம் பற்றி இந்த வகுப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கனமான விஷயம், முழு அறிவு, மனம் ஒப்பிச் செய்தல், மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம், அவ்வளவுதான். பூசைக்கு லேட்டாக வந்ததைச் சாவான பாவம் என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களிடம் இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு 3:21ஐ மிச்சம் வையுங்கள். தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு முன் கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்திவிடுகிறார். அத்தியிலைக் கோவணத்தோடு நின்றவர்களுக்குத் துணி. சின்ன வகுப்பாக இருந்தால் இதைப் படமாக வரையச் சொல்லலாம், பெரிய வகுப்பு என்றால் இதற்கு அப்புறம் உரோமையர் 5:20ஐ ஒருவர் வாசிக்கட்டும். வீட்டுப்பாடம் திருப்பாடல் 8, ஒரு முறை அம்மா அப்பாவோடு சேர்ந்து வாசித்துவிட்டு வரவேண்டும், எழுத வேண்டாம். பதில் தெரியாத கேள்விகளை ஒரு தாளில் குறித்துப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள், அடுத்த ஞாயிறு அவரையே பத்து நிமிடம் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று நீங்களும் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.